“நீர் ஏன் சங்கீதம் படிக்கப் போறீர்?”: பல்கலைக்கழக இசைத்துறைக்கு விண்ணப்பிப்போருக்கு முழுமையான வழிகாட்டி

இலங்கையில் உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் எடுத்த பிள்ளைகள் கம்பஸ் (பல்கலைக்கழகம்) தேர்வுக்கு ஆயத்தமாகும்போது வர்ணத்துக்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குவார்கள். கீர்த்தனைக்கும் ஆலாபனைக்கும் கற்பனாசுரத்துக்கும் அப்படியே. “ஏன் சங்கீதம்?” என்ற கேள்விக்கு மட்டும் முதல்நாள் இரவுதான் கிடைக்கும். மறுநாள் தேர்வுக் குழுவுக்கு முன்னால், “சின்ன வயசில இருந்தே எனக்கு சங்கீதத்தில ஆர்வம் சேர்” என்று ஒரு வசனம் வரும். பிறகு மேசைக்கு அந்தப் பக்கமும் பேச்சில்லை, இந்தப் பக்கமும் பேச்சில்லை.

இந்த வழிகாட்டி அந்த ஒரு கேள்விக்கு மட்டுமானது. எல்லாப் படிகளுக்கும் ஒரே அளவுகோல்தான்: நீங்கள் சொல்லும் காரணத்தைக் கேட்டு ஒருவர் சுருதிப் பெட்டியைப் போட்டு “பாடிக் காட்டும்” என்றால், உங்களால் பாடிக் காட்ட முடிய வேண்டும். வாத்தியக்காரர் என்றால் வாசித்துக் காட்ட முடிய வேண்டும். முடியாத வசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

படிகளின் ஒழுங்கை மாற்ற வேண்டாம். பெரும்பாலானோர் 6ஆம் படியில், அதாவது எழுதுவதில், தொடங்குகிறார்கள். எழுதத் தொடங்கிய பிறகு காரணம் தேடினால், கைக்கு அகப்படுவது பேச்சுப் போட்டி வசனம்தான்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பி. கைபேசியில் ஒலிப்பதிவு வசதி. சுருதிப் பெட்டி, இல்லாவிட்டால் தம்புராச் செயலி. நீங்கள் விண்ணப்பிக்கும் கற்கைநெறியின் பாடத்திட்டம் அல்லது பாடப் பட்டியல். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த ஆண்டுக் கைந்நூல். போன வருடக் கைந்நூலை அண்ணாவிடம் வாங்கிப் பார்ப்பது வேண்டாத வேலை, நிபந்தனைகள் மாறியிருக்கலாம்.

இவற்றோடு ஆட்கள் இருவர் வேண்டும். ஒருவர் சங்கீதம் தெரிந்தவர். மற்றவர் சங்கீதமே தெரியாதவர். இரண்டாமவர் எதற்கு என்பது 7ஆம் படியில் வரும்.

சான்றிதழ் கோப்பை இப்போதைக்கு அலுமாரியிலேயே வையுங்கள். வட இலங்கை சங்கீத சபைத் தரச் சான்றிதழ்களும் தமிழ்த் தினப் போட்டிப் பரிசுகளும் விண்ணப்பத்தில் தமக்குரிய கட்டத்துக்குள் போகும். அவை காரணம் ஆகாது. கோப்பை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தால் அதில் உள்ளதைத்தான் எழுதுவீர்கள்.

## 1. கேள்வி எந்த உருவில் வரும் என்று முதலில் பாருங்கள்

இடத்துக்கு இடம் கேள்வி வேறு வடிவில் வரும். அது தெரியாமல் தயாரிப்பது வீண்.

உள்நாட்டில் உங்களுக்கு முன்னால் இருக்கும் தெரிவுகள் சில. மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரால் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பகுதி ஒன்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இன்னொன்று. இரண்டிலும் இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திய புள்ளி) மட்டும் போதாது, செயன்முறைத் திறனையும் சோதிப்பார்கள். “ஏன்?” என்று கேட்டால் வாயால்தான் கேட்பார்கள், நீங்கள் பாடிய உருப்படியை ஒட்டியே கேட்பார்கள். ஆகவே உள்ளூர்த் தயாரிப்பு என்பது பேச்சுத் தயாரிப்பு. மனப்பாடம் செய்த கட்டுரை அங்கே எடுபடாது.

இந்தியாவில் படிக்க இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தால், இணைய விண்ணப்பத்தில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றும் எழுத வேண்டும்.

ஐக்கிய இராச்சியத்துக்கு, அங்குள்ள பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் (UCAS) வழியாகப் போகிறவர்களுக்கு 2026 சேர்க்கையிலிருந்து முறை மாறிவிட்டது. ஒரே நீண்ட கூற்றுக்குப் பதிலாக மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் பாடம், உங்கள் படிப்பு இதற்கு எப்படி ஆயத்தப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட, 4,000 எழுத்துகள்தான். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா அனுப்பிய பழைய மாதிரியை வைத்து எழுதினால் அந்தப் பெட்டிகளுக்குள் அடங்காது.

எந்த வழியாக இருந்தாலும் 2 முதல் 5 வரையான படிகள் பொதுவானவை.

## 2. காரணத்தைத் தேட வேண்டாம், செய்ததைப் பட்டியலிடுங்கள்

“எனக்கு ஏன் சங்கீதம் பிடிக்கும்?” என்று யோசித்தால் எல்லோருக்கும் ஒரே விடைதான் வரும்: மன அமைதி, தெய்வீகம், உயிர்மூச்சு. கேள்வியை மாற்றுங்கள். ஒருவரும் சொல்லாமல், பரீட்சைக்கும் இல்லாமல், சங்கீதத்தோடு நீங்களாக என்ன செய்தீர்கள்? கொப்பியில் ஒரு கிழமைக்கு இதை மட்டும் எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரு செயல். “ஆர்வம்”, “ஈடுபாடு”, “பற்று” ஆகிய சொற்களுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.

பிள்ளைகளின் கொப்பிகளில் இப்படிப்பட்ட வரிகள் வரும்:

சினிமாப் பாட்டு ஒன்று மோகனமா சிவரஞ்சனியா என்று தம்பியோடு வாக்குவாதம். காந்தாரத்தில்தான் வித்தியாசம் என்று பிறகு கண்டுபிடித்தது.

இணுவில் வீரமணி ஐயரின் “கற்பகவல்லி” பாட்டில் ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று ராகத்தின் பெயரும் வரியோடு வருவதைக் கவனித்து, ராகம் மாறும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

தங்கச்சியின் நடன அரங்கேற்ற ஒத்திகைக்குப் போய், நடனத்தை விட்டுவிட்டு நட்டுவாங்கத்தில் தாளத்தோடு சொல்லும் சொற்கட்டை எண்ணிக்கொண்டிருந்தது.

இவற்றை எழுத வெட்கப்படுவார்கள். “இதெல்லாம் ஒரு விசயமா மிஸ்?” என்பார்கள். இதுதான் விசயம். தானாகச் செய்த செயலுக்குக் கூடவே சான்று இருக்கும், கேட்டால் விவரம் சொல்லலாம். ஆர்வம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போக முடியாது.

இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் பிழை, “தரமில்லாதது” என்று நினைப்பதை மறைப்பது. குருநகர், பாசையூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கூத்தில் பாடியதை எழுதமாட்டார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். சினிமாப் பாட்டைச் சொல்லவே மாட்டார்கள். வி. வி. வைரமுத்து போன்ற ஒருவர் இசைநாடக மேடையில் பாடிய ஊர் இது. கூத்துப் பாட்டு கேட்டு வளர்ந்த காது உங்களுக்கு இருந்தால் அது குறை ஆகாது, மற்றப் பத்துப் பேரிடம் இல்லாத ஒரு தகவல் அது. எழுதுங்கள்.

வரிகள் ஐந்தைத் தாண்டாவிட்டால் பயப்படவும் வேண்டாம், புனையவும் வேண்டாம். இன்னொரு கிழமை காதைத் திறந்துகொண்டு நடமாடுங்கள்.

## 3. ஒரு வரியை எடுத்துச் சுருதியோடு தோண்டுங்கள்

முழு வேலையும் இந்தப் படியில்தான் இருக்கிறது. அதிக நாட்களை இதற்கே கொடுங்கள்.

பட்டியலில் எந்த வரியைப் பாடிக் காட்ட முடியும், எந்த வரியில் உங்களுக்கே இன்னும் விடை தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் உள்ள வரி ஒன்று போதும். மூன்று நான்கை எடுத்தால் எதிலும் ஆழம் இருக்காது.

ஒரு மாணவியின் வரியை வைத்து விளக்குகிறேன். அவள் எழுதியது: “கோயில்ல சாமி வெளிவீதிக்கு வரேக்க வாசிக்கிறதும் பள்ளிக்கூடத்துத் தேவாரமும் ஒரே மாதிரிக் கேட்டுது.”

வெறும் வரியாகப் பார்த்தால் இதில் ஒன்றும் இல்லை. சுருதியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது விசயம் வெளியே வந்தது. சுவாமி எழுந்தருளும்போது நாதஸ்வரத்தில் வாசிப்பது மல்லாரி. அது கம்பீர நாட்டையில் அமைவது. பாடசாலைக் காலைப் பிரார்த்தனையில் அவர்கள் பாடியது “தோடுடைய செவியன்”. அந்தப் பதிகத்தின் பண், அதாவது தேவாரத்துக்குரிய பழைய இசை வகை, நட்டபாடை; இன்று அதைக் கம்பீர நாட்டையில் பாடும் வழக்கம் உண்டு. சட்சம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், காகலி நிஷாதம் என்று இரண்டிலும் அதே சுரங்கள். அவளுடைய காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

இங்கேயே நிறுத்தினால் அது ஒரு பொது அறிவுத் துணுக்கு. அடுத்து அவள் செய்ததுதான் படியின் சாரம். கோயிலில் கைபேசியில் பதிந்த மல்லாரித் துண்டையும் தேவாரத்தையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து தானே பாடிப் பார்த்தாள். சுரம் ஒன்றாக இருந்தும் ஏன் இரண்டும் வேறு வேறாகப் போகின்றன என்று கேட்டாள். தேவாரத்தில் சொல் முடியும் இடத்தில் சுரம் நிற்கிறது. மல்லாரிக்குச் சாகித்தியமே இல்லை, அங்கே தவிலின் கணக்குத்தான் நிறுத்துமிடத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே சுரத்தொடரைக் காலம் (வேகம்) மாற்றி மாற்றி வாசிப்பது மல்லாரியில் இயல்பு. தேவாரத்தை அப்படிக் காலம் மாற்றிப் பாட அவளுக்கு மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு அவளிடம் விடை இருக்கவில்லை.

அந்த விடையில்லாத இடத்தைக் கொப்பியில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

தோண்டும்போது மூன்று பிழைகள் நடக்கும்.

முதலாவது, சுருதி இல்லாமல் மனதுக்குள் பாடிப் பார்ப்பது. மனதுக்குள் எல்லாம் சுருதி சேரும். இந்தக் காலத்தில் தம்புராச் செயலியைக் கைபேசியில் போட ஒரு நிமிடம் ஆகாது. ஆண்பிள்ளைகள் தொண்டை உடைந்த பிறகும் பழைய கட்டையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இப்போதைய உங்கள் கட்டை (உங்கள் குரலுக்குரிய சுருதி அளவு) எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, காதை விட்டுவிட்டுப் புத்தகத்துக்கு ஓடுவது. கம்பீர நாட்டை 36ஆவது மேளமான (தாய் ராகமான) சலநாட்டையின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்) என்பதை எவரும் எடுத்துச் சொல்லலாம். உங்கள் காது முதலில் எதைப் பிடித்தது என்பதை நீங்கள் மட்டும்தான் சொல்ல முடியும். காது முதலில், புத்தகம் பிறகு.

மூன்றாவது, அளவுக்கு மிஞ்சிய முடிவு. “ஆகவே சம்பந்தர் காலத்துப் பண்ணும் இன்றைய ராகமும் ஒன்றுதான்” என்று ஒரு வசனம் எழுதினால் தேர்வுக் குழு அதையே பிடித்துக்கொள்ளும். “இன்று நட்டபாடைப் பதிகங்களை இந்த ராகத்தில் பாடுகிறார்கள்” என்று சொல்வது வேறு, “இரண்டும் ஒன்று” என்று சொல்வது வேறு. பண்களை எந்த ராகங்களில் பாடுவது என்பது பற்றிச் சென்னைத் தமிழிசைச் சங்கம் ஆண்டுதோறும் பண் ஆராய்ச்சிக் கூட்டம் வைத்துப் பேசியிருக்கிறது. அறிஞர்கள் கூடிப் பேச வேண்டியிருந்த ஒன்றை நீங்கள் ஒற்றை வசனத்தில் முடித்துவிடக் கூடாது.

மிருதங்கக்காரருக்கும் இதே வழிதான். “மிருதங்கம் பிடிக்கும்” என்பதை விட்டுவிட்டு, ஒரு மோராவை (முடிவுக்கு வாசிக்கும் தாளக் கோவையை) எடுத்து ஆதி தாளத்தில் எந்த இடத்தில் தொடங்கினால் சமத்தில், அதாவது தாளத்தின் தொடக்க அடியில், வந்து விழுகிறது, ரூபகத்துக்கு மாற்றும்போது எதை வெட்ட வேண்டியிருக்கிறது என்று தோண்டுங்கள். இணுவில், அளவெட்டிப் பக்கத்துப் பிள்ளை என்றால் தவில் கேட்ட காது இருக்கும். தவிற்சொல்லை மிருதங்கத்துக்குக் கொண்டுவரும்போது எது வருகிறது, எது வரமறுக்கிறது என்பதே நல்ல முடிச்சு.

## 4. “குருவிட்டயே படிக்கலாமே?”

இந்தக் கேள்வி கட்டாயம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டாலும் உங்கள் பதிலுக்குள் இதற்கு விடை இருக்க வேண்டும். சங்கீதத்தில் ஆசை இருப்பது ஒரு விசயம், அதைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டியிருப்பது இன்னொரு விசயம். யாழ்ப்பாணத்தில் நல்ல வாத்தியார்மாருக்குப் பஞ்சமில்லை. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளை வரிசையாக எழுதிக் கலாவித்தகர் பட்டம் பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படியிருக்க நான்கு வருடம் கம்பஸ் எதற்கு?

விடை காண, 3ஆம் படியில் எழுதிய முடிச்சையும் கற்கைநெறியின் பாடப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முடிச்சை அவிழ்க்க எந்தப் பாடம் உதவும் என்று கோடு போடுங்கள். மேலே சொன்ன மாணவிக்குக் கோடு மூன்று இடங்களுக்குப் போனது: பண்ணிசை வரலாறு, கேட்டதைச் சுரப்படுத்தி எழுதும் பயிற்சி, இறுதி ஆண்டு ஆய்வு. இவற்றோடு பட்டியலில் இல்லாத ஒன்றும் உண்டு. வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் என்று வேறு வேறு பிள்ளைகள் ஒரே வளவுக்குள் இருப்பது. மல்லாரிக் கணக்கை விளங்கிக்கொள்ள அவளுக்கு ஒரு லயக்காரப் பிள்ளை பக்கத்தில் வேண்டும். வீட்டு வகுப்பில் அது கிடைக்காது.

கோடு போகவே இல்லை என்றால் இரண்டில் ஒன்று. முடிச்சு போதாது, அல்லது அந்தக் கற்கைநெறி உங்களுக்குரியது அல்ல. இரண்டாவது என்றால் விண்ணப்பிக்கும் முன் தெரிந்துகொண்டது நல்லது.

குருவைக் குறைத்துப் பேசுவது இந்தப் படியில் நடக்கும் பெரிய பிழை. “என் ஆசிரியர் கோட்பாடு சொல்லித் தரவில்லை” என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம். யாழ்ப்பாணம் சின்ன இடம், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவரோடு ஒன்றாகப் படித்தவராக இருக்கலாம். அதை விட்டாலும், கற்பித்தவரைக் குறை சொல்லும் பிள்ளையைத் தாங்களும் கற்பிக்க வேண்டி வரும் என்று அவர்கள் யோசிப்பார்கள். “இதுவரை அவரிடம் கற்றேன், அதனால்தான் இந்தக் கேள்வியே எனக்கு வந்தது” என்று சொல்லலாம். அது உண்மையும்கூட.

எதிர்ப்பக்கப் பிழை, குருவைப் பற்றியே பேசி முடிப்பது. குருவின் குரு யார் என்று தொடங்கினால் உங்களுக்குக் கொடுத்த நேரம் போய்விடும். ஒரு வசனம் போதும்.

## 5. வீட்டுக்குரிய விடையை வேறாக வைத்திருங்கள்

“பாட்டுப் படிச்சு என்ன செய்யப் போறாய்?” என்று அம்மா கேட்பா. அதையே கனடாவில் இருக்கும் மாமி வட்ஸ்அப்பில் கேட்பா. இதற்கான விடையும் தேர்வுக் குழுவுக்கான விடையும் வேறு. கலக்கினால் இரண்டும் கெடும்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியது வேலை: பாடசாலைச் சங்கீத ஆசிரியர் நியமனம், வானொலிக் கலைஞர் தரம், நடன அரங்கேற்றங்களுக்குப் பாடுவதும் வாசிப்பதும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பு. நியமனம் உடனே கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். பட்டதாரிகள் நியமனத்துக்குக் காத்திருக்கும் கதை எல்லா வீட்டுக்கும் தெரியும்.

குழுவிடம் வேலையை மறைக்கவும் வேண்டாம், அதை முதலில் வைக்கவும் வேண்டாம். “ஆசிரியராக விரும்புகிறேன்” என்பது நல்ல விடைதான், எதை எப்படிக் கற்பிக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு வரி சேர்ந்தால்.

“வேறு பாடத்துக்கு இசட் புள்ளி காணாமல்தான் இதற்கு வந்தேன்” என்ற நிலையில் இருக்கிறவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டால் ஒரு வசனத்தில் ஒப்புக்கொண்டு முடிச்சுக்குப் போங்கள். பிறந்த நாளிலிருந்து சங்கீதம்தான் கனவு என்று பொய் சொன்னால் இரண்டாவது கேள்வியில் பிடிபடும்.

## 6. இப்போது எழுதுங்கள், நடுவிலிருந்து

நேர்முகத்துக்கு மட்டும் போகிறவர்களும் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். எழுதினால்தான் எந்த வசனத்துக்குள் ஒன்றும் இல்லை என்று தெரியும்.

முதல் வசனத்தில் தொடங்காதீர்கள். 3ஆம் படியில் பாடிப் பார்த்ததை முதலில் எழுதுங்கள். அதற்குக் கீழே விடை தெரியாத இடம். அதற்குக் கீழே கற்கைநெறியோடு இணையும் கோடு. இவை மூன்றும் நின்ற பிறகு மேலே ஒரு தொடக்கம் போடுங்கள். பெரும்பாலும் தொடக்கம் தேவைப்படாது, நடுப்பகுதியின் முதல் வசனமே போதும்.

அடிக்கடி வரும் வடிவம் இது:

“இசை மொழிகளைக் கடந்தது. சிறுவயதிலிருந்தே எனக்கு இசைமீது அளவற்ற ஆர்வம் உண்டு. எனது குருவின் ஆசியால் பல பரிசில்களை வென்றுள்ளேன். இசைத்துறையில் மேலும் சாதிக்க விரும்புகிறேன்.”

நான்கு வசனங்களில் ஒன்றையாவது பாடிக் காட்ட முடியுமா? பெயரை மாற்றினால் வேறு எவருக்கும் பொருந்தும். இதே பந்தி ரியூசன் கொட்டில்களில் கைமாறி, இப்போது கைபேசிச் செயலிகளிலும் அப்படியே வந்து விழுகிறது. வாசிக்கிறவர்கள் இதை எத்தனையோ தடவை வாசித்துவிட்டார்கள்.

அந்த மாணவி கடைசியில் எழுதியது ஏறக்குறைய இப்படி:

“எங்கள் கோயிலில் சுவாமி வெளிவீதிக்கு வரும்போது வாசிக்கும் மல்லாரியும் பாடசாலையில் நாங்கள் பாடும் ‘தோடுடைய செவியன்’ பதிகமும் ஒரே சுரங்களில் நடப்பதைத் தரம் 12இல் கவனித்தேன். இரண்டையும் ஒரே சுருதியில் பாடிப் பார்த்தேன். பதிகத்தில் சொல் முடியும் இடத்தில் இசை நிற்கிறது. மல்லாரியில் சொல் இல்லை, தாளக் கணக்கு நிறுத்துகிறது. மல்லாரியைப் போலப் பதிகத்தைக் காலம் மாற்றிப் பாட முயன்றபோது அது பதிகமாக இருக்கவில்லை. அதற்குக் காரணம் சொல்லா, தாளமா, பழக்கமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேட்டதைச் சரியாகச் சுரப்படுத்தி எழுதவும் பண்ணிசையின் வரலாற்றை ஒழுங்காகப் படிக்கவும் வேண்டும் என்பதால் இந்தக் கற்கைநெறிக்கு விண்ணப்பிக்கிறேன்.”

“ஆர்வம்” என்ற சொல் இதில் எங்கும் இல்லை. வாசிக்கிறவருக்கு அது இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகமும் வராது.

எழுதும்போது கவனிக்க வேண்டிய சில:

படிக்காத நூலைப் பெயர் சொல்ல வேண்டாம். பண் என்ற சொல் வந்தவுடன் விபுலாநந்த அடிகளின் யாழ் நூலை இழுத்துவரும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதில் பண்ணியல், தேவாரவியல் என்று தனித்தனி இயல்கள் இருக்கின்றன. எதை வாசித்தீர் என்று கேட்டால் சொல்ல வேண்டி வரும். ஒரு பக்கம் வாசித்திருந்தால் அந்தப் பக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் கேட்கும் இடத்துக்கும் முதலில் தமிழில் எழுதுங்கள், ஆனால் வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். மல்லாரி என்றால் என்ன என்று தெரியாதவர் அங்கே வாசிக்கக்கூடும். கோயில் ஊர்வலத்தில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும் சொல்லில்லாத உருப்படி என்று ஒரு வசனத்தில் விளக்கிவிட்டு மேலே போங்கள். மேலைநாட்டு இசையைக் கற்றதாகக் காட்டிக்கொள்ளவும் தேவையில்லை.

வேறொருவரை எழுதவைக்காதீர்கள். திருத்தச் சொல்லலாம். எழுதித் தந்தவர் உங்களோடு தேர்வறைக்குள் வரமாட்டார்.

## 7. துளைக்கக் கொடுங்கள்

இப்போது அந்த இரண்டு ஆட்களும் வேண்டும்.

சங்கீதம் தெரியாதவரிடம் முதலில் வாசித்துக் காட்டுங்கள். அப்பாவோ, பக்கத்து வீட்டு அண்ணாவோ. எந்த இடத்தில் அவருக்கு அலுப்புத் தட்டுகிறது என்று முகத்தைப் பாருங்கள். அங்கே தேவையில்லாத கலைச்சொல் இருக்கும், அல்லது நீங்கள் உங்களைப் புகழ்ந்திருப்பீர்கள்.

பிறகு சங்கீதம் தெரிந்தவர். அவருக்கு ஒரே வேலை: ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு கேள்வி, ஒவ்வொரு ராகப் பெயருக்கும் “பாடும் பாப்பம்”. இப்படிப் போக வேண்டும்:

“கம்பீர நாட்டை எண்டு சொன்னனீர். ஆரோகண அவரோகணம் பாடும்.”

(பாடிக் காட்ட வேண்டும். “ச க ம ப நி ச எண்டு வரும் சேர்” என்று வசனமாகச் சொல்வது விடை ஆகாது.)

“நாட்டைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

“கம்பீர நாட்டையில ரிஷபமும் தைவதமும் இல்லை சேர். நாட்டையில இறங்கேக்க ‘ச நி ப ம ரி ச’ எண்டு வரும். அந்த ஷட்சுருதி ரிஷபத்திலதான் நாட்டை தெரியும்.”

“சரி, அந்த ரிஷபத்தைப் பிடியும்.”

“அப்ப தேவாரத்தை நாட்டையில பாடினால் பிழையோ?”

கடைசிக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதறி விடை சொல்லத் தேவையில்லை. “நட்டபாடையை நாட்டையில் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள் சேர், நான் படித்தது கம்பீர நாட்டையில்” என்று நிதானமாகச் சொல்லலாம். தெரியாததைத் “தெரியாது சேர், ஆனால் இதுவரை பார்த்தது இவ்வளவு” என்று சொல்லப் பழக வேண்டும். தெரியாது என்று சொல்ல வராமல்தான் பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிக்கிக்கொள்கிறார்கள்.

இந்த உரையாடலை ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். நீங்கள் மனப்பாடமாக ஒப்புவித்த இடங்களில் குரல் ஒரே மட்டத்தில் போகும். அந்த வசனங்களை மறந்துவிட்டுக் கருத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி சொல்லிப் பாருங்கள். மூன்று முறை சொன்னால் மூன்றும் வேறு வசனங்களாக வர வேண்டும்.

## 8. அனுப்பும் முன்னும் அறைக்குள்ளும்

விண்ணப்ப முடிவுத் திகதியைக் கைந்நூலிலும் பல்கலைக்கழக அறிவித்தலிலும் பாருங்கள். செயன்முறைத் தேர்வுக்கான அறிவித்தல் வேறாக வரலாம். மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு இதைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். உயர்தரத்தில் மூன்று பாடங்களும் ஒரே அமர்வில் சித்தி, உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி என்ற பொது நிபந்தனைக்கு மேலே, சங்கீதத்துக்கென்று தனி நிபந்தனைகளும் இருக்கும். அவற்றையும் வாசியுங்கள்.

பாடப்போகும் உருப்படிகளில் ஒன்றாவது உங்கள் காரணத்தோடு சேர்ந்ததாக இருக்கட்டும். கம்பீர நாட்டையைப் பற்றிப் பேசப் போகிறவர் அந்த ராகத்தில் ஒரு உருப்படியாவது ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். காரணம் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாக நின்றால், காரணம் ஒட்டவைத்ததாகத் தெரியும்.

உங்கள் கட்டையைக் கேட்டவுடன் சொல்லுங்கள். சுருதி போட்ட பிறகு ஒரு மூச்சு காதைக் கொடுத்துவிட்டுச் சட்சத்தைப் பிடியுங்கள். பயத்தில் அரைக் கட்டை ஏறிப்போவது அந்தத் தொடக்கத்தில்தான். வயலின், வீணைக்காரர் மேலதிகத் தந்தி கொண்டுபோங்கள். மிருதங்கக்காரர் தொப்பிக்கு (மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்கு) பூச ரவையும் தண்ணீரும் கொண்டுபோங்கள், அங்கே எவரும் தரமாட்டார்கள்.

எழுத்தில் அனுப்பியிருந்தால் அதன் பிரதி ஒன்றை வைத்திருங்கள். நேர்முகத்துக்குப் போகும் காலையில் அதை ஒருமுறை வாசியுங்கள், பாடமாக்க வேண்டாம். அவர்கள் கையில் அதே தாள் இருக்கும். நீங்கள் எழுதி மறந்துபோன வசனத்திலிருந்துதான் கேள்வி வரும்.